கோர்வைக்கு இரண்டு பேர் வேண்டும்

விடுமுறை நாளில் குடும்பத்தோடு எங்கே போகலாம் என்று மறைமலை நகரில் யார் கேட்டாலும் நான் காஞ்சிபுரத்தைத்தான் சொல்வேன். சிங்கப்பெருமாள் கோயிலில் திரும்பி, ஒரகடம், வாலாஜாபாத் வழியாக விடியற்காலையில் கிளம்பினால் காலை டிபனுக்கு அங்கே இருக்கலாம். வேகவதிக் கரை ஊர், பாலாறும் பக்கம்தான். இரண்டிலும் தண்ணீரைப் பார்க்க நல்ல மழை பெய்திருக்க வேண்டும்.

கைலாசநாதர் கோயிலில் தொடங்குங்கள். ராஜசிம்ம பல்லவன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மணற்கல்லில் எழுப்பியது. மதிலை ஒட்டிய சிறு சன்னிதிகளில் பழைய ஓவியங்களின் மிச்சம் இன்னும் தெரிகிறது. அடுத்து வைகுண்டப் பெருமாள் கோயில். பல்லவர் வரலாற்றையே அங்கே சுவர் நெடுகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.   

கோயில் பார்த்தவர்கள் நேரே காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளுக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீட்டில் அனுமதி கேட்டு, கோர்வைச் சேலை நெய்வதைப் பாருங்கள். உடலுக்கு ஒரு நிறம், இருபுறக் கரைகளுக்கு வேறு நிறம். ஆக ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா மூன்று ஓட வேண்டும். நெய்பவர் ஒருவர், பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொருவர். ஒவ்வொரு ஊடையிலும் கரை இழையும் உடல் இழையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். அந்தப் பிடிப்புதான் காஞ்சிப் பட்டின் பெருமை.

அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையாகவோ மனைவியாகவோ இருந்தார். இன்று அந்தப் பிள்ளைகளை விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏற்றிக்கொண்டு ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வருகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் கிடைக்கும்போது, சேலை அறுத்தால்தான் கூலி என்ற தறியில் ஏன் உட்கார வேண்டும்? அப்பா அம்மாவே அவர்களைப் படிக்க வைத்து அனுப்பினார்கள், அது நியாயம்.

ஆனால், அவர்கள் விட்டுவந்த வேலைக்கு நாம் பொறுப்பு. அந்தக் கைகளை வேலைக்குச் சேர்த்துத்தான் நம் தொழிற்பேட்டை வளர்ந்தது. காஞ்சிப் பட்டுக்கு 2005-06-இல் கிடைத்த புவிசார் குறியீடு பெயரைக் காக்கும், கூலியை உயர்த்தாது. கூலியை உயர்த்த வாங்குகிறவர்களால் முடியும்.

கல்யாணப் பட்டு எடுக்கப் போனால் நெசவாளர் கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையத்துக்கும் போங்கள். "இது கோர்வையா, கைத்தறியா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அந்த விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். நம் வட்டாரக் கம்பெனிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: தீபாவளிப் பரிசுக்கும் நீண்ட காலம் பணிபுரிந்தவர்களுக்குச் செய்யும் மரியாதைக்கும் இந்தச் சங்கங்களிடம் ஆண்டுதோறும் ஆர்டர் கொடுங்கள். வேலை நிச்சயம், கூலி நிச்சயம் என்றால் தறியில் இரண்டாவது ஆளாக உட்கார யாராவது வருவார்கள். அவருக்கும் மாதம் பிறந்தால் கையில் பணம் இருக்க வேண்டும்; கேட்பது அவ்வளவுதான்.