கண்ணைக் குத்தும் வெளிச்சம்

இருட்டில் விளக்கில்லாமல் வருகிறவனைத் திட்ட நம்மிடம் நூறு வார்த்தைகள் இருக்கின்றன. அளவுக்கு மிஞ்சிய விளக்கோடு வருகிறவனைத் திட்ட ஒரு வார்த்தைகூட இல்லை. "நல்ல பவர் லைட் ஸார்!" என்று மெச்சிக்கொள்ளவும் செய்கிறோம். இரண்டு பேரும் ஒரே தண்டனைக்கு உரியவர்கள் என்பது என் கட்சி.

ஹெட்லைட்டில் இரண்டு நிலை வைத்திருக்கிறார்கள். டிரைவர்கள் பாஷையில் ஒன்று 'பிரைட்', மற்றது 'டிம்'. பிரைட் என்பது தெருவிளக்கும் எதிர் வண்டியும் இல்லாத வெறும் சாலைக்கு. எதிரே ஒரு வண்டி தென்பட்டாலும், முன்னால் ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தாலும், ஊருக்குள் நுழைந்தாலும் டிம். இவ்வளவுதான் சமாசாரம், ஒரு விரலால் தள்ளுகிற வேலை. அதற்கும் மனசு வராதவர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள்: "முதலில் அவன் டிம் பண்ணட்டும், அப்புறம் நான் பண்ணுகிறேன்." சம்பந்தி வீட்டார் முதலில் வந்து கூப்பிடட்டும் என்று முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கதைதான். கல்யாண வீட்டில் அது மனஸ்தாபத்தோடு போய்விடும். சாலையில் அவன் கண் கூசி நடுக்கோட்டைத் தாண்டினால் வந்து மோதுவது யார் மேல்?

இருட்டுக்கென்று விரிந்திருந்த கண்பாவை திடீர் வெளிச்சத்தில் சுருங்கிவிடுகிறது. வெளிச்சம் கடந்துபோன பிறகு கண் மறுபடி இருட்டுக்குப் பழகச் சில விநாடிகள் வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். மூன்று விநாடி என்றே வைத்துக்கொள்ளுங்கள், 50 மீட்டர். அந்த 50 மீட்டரும் வண்டியை ஓட்டுகிறவர் குருடர்.

தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடந்து போகிறார்களே, அவர்களை நினைத்துப் பாருங்கள். பகல் வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் நடப்பவர்கள் பலர். தோளில் காவடி, காலில் கொப்புளம், சாலை ஓரத்தில் ஒற்றை வரிசை. கண் கூசிப்போனவரின் 50 மீட்டருக்குள் அந்த வரிசை இருந்தால், பிறகு நடப்பதை எழுத எனக்குக் கை வரவில்லை. பிடிபடுகிறவர் மோதியவர்தான். பிரைட்டைக் குறைக்காமல் எதிரே வந்து போன மகானுபாவர் இதற்குள் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார். அவர் பெயர் எந்த வழக்கிலும் வராது.

"டிம் பண்ணினால் எனக்குப் பாதை தெரியவில்லையே" என்கிறார் ஒரு நண்பர். தெரிகிற தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகத்தில் போகலாமே, ஸ்வாமி! மார்கழிப் பனியிலும் மலைப் பாதை மேகத்திலும் இவரே பிரைட்டைப் போடுவார். பனித் துளிகள் அந்த வெளிச்சத்தை அவர் முகத்திலேயே திருப்பி அடித்து வெள்ளைச் சுவர் எழுப்பிவிடும். அங்கேயும் உதவுவது டிம்தான். தரையோரம் வீசும் பனி விளக்கு இருந்தால் இன்னும் உத்தமம்.

நான்கு மூலையிலும் சேர்ந்து மின்னுகிற ஹசார்டு விளக்கு இன்னொரு கூத்து. வழியில் பழுதாகி நின்றுவிட்ட வண்டிக்காக வைத்தது அது. நம்மவர்கள் நாற்சந்தியில் நேரே போவதற்கும், மழை பெய்தால் ஒரு அழகுக்கும் போட்டுக்கொள்கிறார்கள். நாலும் மின்னினால் இடமா வலமா என்று பின்னால் வருகிறவன் ஜோசியமா பார்ப்பான்?

2017 ஏப்ரலிலிருந்து புது மோட்டார் சைக்கிள்களில் விளக்கு தானாகவே எரிகிறது. அது தெரியாமல், பட்டப்பகலில் விரலை மூடித் திறந்து, "லைட் எரியுது!" என்று முன்பின் தெரியாதவர்கள்கூட இன்னும் அக்கறையோடு சொல்கிறார்கள். ராத்திரியில் அந்த அக்கறை எங்கே போகிறதோ!

லைசென்ஸ் சோதனை நடப்பது பகலில். கிடைக்கிற லைசென்ஸ் ராத்திரிக்கும் சேர்த்து. விளக்கை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று யாரும் ஓட்டிக் காட்டச் சொல்வதில்லை. இருட்டின பிறகு ஒரு கால் மணி, தெருவிளக்கில்லாத சாலையில் கூட்டிப்போய், எதிரே ஒரு வண்டியை வரவிட்டு, இவர் கை எங்கே போகிறது என்று இன்ஸ்பெக்டர் பார்க்கட்டும். போகாவிட்டால் அடுத்த மாதம் வரச் சொல்லட்டும்.