90 நாள் கணக்கு: படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி குறித்துச் சங்கத்தின் நிலைப்பாடு

நடைமுறைப் பயிற்சி விதிகளை மாற்றும் திட்டத்தை அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை தன் விதிமாற்றப் பட்டியலில் சேர்த்ததிலிருந்தே, சங்கம் ஏன் வாய் திறக்கவில்லை என்று உறுப்பினர்கள் கேட்டு வருகிறார்கள். கேட்டது நியாயம். செயற்குழுவில் கருத்து வேறுபாடு இருந்தது. முழுமையாகத் தீர்ந்துவிட்டது என்று இப்போதும் சொல்வதற்கில்லை. வரைவு விதி வெளியாகட்டும், அதுவரை பொறுக்கலாம் என்றார்கள் கிரீன் கார்டும் குடியுரிமையும் பெற்றுவிட்ட மூத்த உறுப்பினர்கள் சிலர். பொறுத்திருக்கத் தங்கள் கையில் நாள் இல்லை என்றார்கள், ஓபிடி எனப்படும் படிப்புக்குப் பிந்தைய நடைமுறைப் பயிற்சியில் இருப்பவர்கள். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட அளவுக்கு இந்த அறிக்கை வெளியாகிறது.

ஓபிடி தொடர வேண்டும் என்பது சங்கத்தின் நிலைப்பாடு. படிப்புக் காலத்தைத் தாண்டி எஃப்-1 விசா மாணவர்களுக்கு வேலை அனுமதி தருவதை நிறுத்த விரும்புவதாக 2025 மே மாதம் செனட் குழு முன் ஜோசப் எட்லோ சொன்னார். சொன்னவரே பின்னர் குடியேற்றச் சேவைத் துறையின் இயக்குநரானார். எனவே இதை வெறும் வதந்தி என்று ஒதுக்க முடியாது. சட்டப்படி ஓபிடி செல்லும் என்று வாஷிங்டன் டி.சி. கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. அதற்கு எதிரான மனுவை 2023-இல் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்கவில்லை. 2024–25 கல்வியாண்டில் 2,94,000-க்கும் மேற்பட்டோர் ஓபிடியில் இருந்தார்கள். ஓபிடி என்பது இரண்டு ஆண்டு முதுகலைப் படிப்பின் மூன்றாம் பாகம் என்று சொல்லித்தான் பல்கலைக்கழகங்கள் சென்னையிலும் கோவையிலும் கல்விக் கண்காட்சி நடத்தி மாணவர்களை அழைத்தன. கட்டணத்தை வாங்கிக்கொண்ட பிறகு அந்தப் பாகத்தைக் கிழித்துப் போடுவது நேர்மையல்ல.

ஆனால் ஓபிடி நீடிப்பதால் மட்டும் எதுவும் சரியாகிவிடாது. இப்போதுள்ள விதியே எங்கள் பிள்ளைகளை வதைக்கிறது. அந்த வதைக்குப் பெயர் 90 நாள் கணக்கு.

ஓபிடியின் முதல் 12 மாதங்களில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. அறிவியல், தொழில்நுட்ப, பொறியியல், கணிதப் படிப்பினருக்கான ஸ்டெம் நீட்டிப்பு கிடைத்தால் இரண்டும் சேர்த்து 150 நாள். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை எல்லாமே கணக்கில் வரும். வேலை கிடைக்காத நேரத்தில் அப்பாவுக்கு ஆபரேஷன் என்று ஊருக்கு ஓடினால் அந்த நாட்களும் வரும். இந்த 90-ஐ வகுத்தது 2008 ஏப்ரலில் வந்த விதி. இன்று ஒரு மென்பொருள் வேலைக்கு இணையவழித் தேர்வு, நாலைந்து சுற்று நேர்காணல், பிறகு வாரக்கணக்கில் மௌனம். அதற்கும் முன்பாக, விண்ணப்பப் படிவத்திலேயே ஒரு கேள்வி காத்திருக்கிறது: இப்போதோ பின்னாளிலோ உங்களுக்கு விசா ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா? ‘ஆம்’ என்ற கட்டத்தைத் தொட்ட மறு நிமிடமே நிராகரிப்பு மின்னஞ்சல் வந்த அனுபவம் இல்லாத உறுப்பினர் எங்களிடம் அரிது.

கணக்கு தொடங்கும் விதம் இன்னும் கொடுமை. வேலை எப்போது கிடைக்கும் என்றே தெரியாத மாணவர், ஓபிடி தொடங்கும் தேதியை முன்கூட்டியே யூகித்து எழுத வேண்டும். அனுமதி வந்துவிட்டால் அதைப் பொதுவாக மாற்ற முடியாது. ஈஏடி எனும் வேலை அனுமதிக் கார்டில் அச்சாகும் தேதியிலிருந்து நாட்கள் ஓடத் தொடங்கும். கார்டு கைக்கு வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. டெக்சாஸில் முதுகலை முடித்த உறுப்பினர் ஒருவரின் கார்டில் இருந்த தேதி ஜூன் முதல் வாரம். கார்டு போன முகவரியோ, குத்தகை முடிந்து மே கடைசியில் அவர் காலி செய்த அபார்ட்மென்ட். குடியேற்றத் துறையின் தபாலை அஞ்சல்காரர் புது முகவரிக்குத் திருப்பி விடுவதில்லை, அனுப்பியவருக்கே போய்விடும். அவர் கையில் ஆஃபர் லெட்டர் இருந்தது, நிறுவனமும் காத்திருந்தது. கார்டு கையில் இல்லாமல் வேலையில் சேரக் கூடாது என்பது அரசின் விதி. சேராத ஒவ்வொரு நாளும் வேலையில்லாத நாள் என்பதும் அதே அரசின் விதி. கார்டு ஜூலையில்தான் வந்தது. அதற்குள் கழிந்த நாட்களை யாரும் திருப்பித் தரவில்லை. கார்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாத அரசுக்கு, நாட்களை மட்டும் பிசகாமல் எண்ணத் தெரிகிறது!

2025 மே மாதம், 90 நாள் கடந்தும் வேலை விவரம் பதிவாகாத மாணவர்களுக்கு நோட்டீஸ் போனது: 15 நாளில் சரி செய்யாவிட்டால் செவிஸ் எனும் அரசின் சர்வதேச மாணவர் தரவுத்தளத்தில் உள்ள பதிவு ரத்தாகும், நாடுகடத்தும் நடவடிக்கைக்கும் ஆளாகலாம். அதற்கு முந்தைய மாதம்தான் ஆயிரக்கணக்கான செவிஸ் பதிவுகள் முன்னறிவிப்பில்லாமல் ரத்தாகி, நீதிமன்றங்கள் தலையிட்ட பிறகு மீட்கப்பட்டிருந்தன. அந்த வாரங்களில் எங்கள் உறுப்பினர்கள் தூங்கவில்லை. ஊரில் அவர்களுடைய பெற்றோரும் தூங்கவில்லை. கல்விக் கடனுக்காக வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. பொதுத்துறை வங்கிக் கடனில் படிப்பு முடிந்து ஓராண்டு வரை பெரும்பாலும் தவணை கிடையாது, ஆனால் வட்டி நிற்பதில்லை.

இந்த அவசரத்தில்தான் போலி கன்சல்டன்சிகள் பிழைக்கின்றன. முதல் 12 மாதங்களில், படித்த துறையில் வாரம் 20 மணி நேரமாவது உழைத்தால் ஊதியமில்லாத வேலையும் கணக்கை நிறுத்தும். அதனால் கண்ணியமான இடங்களில் நம் பிள்ளைகள் சும்மா உழைக்கிறார்கள். கண்ணியமற்ற இடங்களில் பணம் கொடுத்து, வேலை செய்வதாகக் கடிதம் வாங்குகிறார்கள். அந்தக் கடிதம் சில ஆண்டுகள் கழித்து விசா நேர்காணலில் மோசடியாக எழுந்து நிற்கும். தெரிந்தே இதில் இறங்கிய மாணவர்களும் உண்டு என்பதைச் சங்கம் மறுக்கவில்லை. ஆனால் 85-ஆம் நாளில் நிற்கும் பிள்ளையிடம் காசு பிடுங்குகிறவர்களை, அவர்கள் தமிழர்களாகவே இருந்தாலும், எங்கள் நிகழ்ச்சி மேடைகளில் இனி ஏற்ற மாட்டோம். இதில் செயற்குழு ஒருமனதாக இருந்தது.

எச்1பி வேலை விசா குறித்துச் சுருக்கமாக: ஊதிய நிலைக்கு ஏற்ப லாட்டரியில் கூடுதல் வாய்ப்பு தரும் முறை, முதல் வேலையில் சேரும் பட்டதாரியைக் கடைசி வரிசைக்குத் தள்ளுகிறது, அதைத் திரும்பப் பெற வேண்டும். அமெரிக்காவுக்குள்ளிருந்தே எஃப்-1-இலிருந்து எச்1பிக்கு மாறுவோருக்கு, புதிய எச்1பி மனுக்களுக்கு விதிக்கப்பட்ட 1,00,000 டாலர் கட்டணம் இல்லை என்று 2025 அக்டோபரில் வந்த விளக்கம் ஓரளவு ஆறுதல். ஓபிடியில், ஸ்டெம் அல்லாத படிப்பினருக்கு 12 மாதமே கிடைப்பது அநீதி என்பதைச் சங்கம் கவனத்தில் கொள்கிறது.

ஓபிடி மாணவர்கள் பெரும்பாலோருக்குச் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரி விலக்கு இருப்பதால் நிறுவனங்கள் அமெரிக்கரைத் தவிர்த்து அவர்களை எடுக்கின்றன என்ற குற்றச்சாட்டு பற்றி நெடிய விவாதம் நடந்தது. விலக்கை விட்டுக்கொடுத்தாவது ஓபிடியைக் காப்போம் என்றொரு கருத்தும், ஒரு நாளும் பயனடையப் போகாத திட்டத்துக்கு ஏன் வரி கட்ட வேண்டும் என்றொரு கருத்தும் பதிவாயின. தற்போதைக்குச் சங்கம் இதில் நிலைப்பாடு எடுக்கவில்லை.

கோருவது இவ்வளவுதான். கார்டு கைக்குக் கிடைத்த நாளிலிருந்து கணக்கு தொடங்க வேண்டும். முதல் ஆண்டின் வரம்பு 180 நாளாக வேண்டும். “இயன்ற அளவு உயர்த்த வேண்டும்” என்று எழுதினால் போதும் என்ற திருத்தம் வாக்கெடுப்பில் தோற்றது. மருத்துவக் காரணங்களுக்கும் குடும்பத்தில் நேரும் இறப்புக்கும் கணக்கை நிறுத்திவைக்க, பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு அதிகாரம் வேண்டும். எழுத்துமூல நோட்டீஸும் பதில் சொல்ல வாய்ப்பும் தராமல் எந்தச் செவிஸ் பதிவையும் ரத்து செய்யக் கூடாது.

வரைவு விதி வெளியானால், பொதுமக்கள் கருத்துக்கான காலத்துக்குள் சங்கம் மனு தரும். அதற்காக ஓபிடியில் உள்ள, முடித்த உறுப்பினர்கள் அனைவரும் மூன்று தேதிகளை எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்: கார்டில் உள்ள தொடக்க நாள், கார்டு கைக்கு வந்த நாள், முதல் வேலையில் சேர்ந்த நாள். பெயரோ, பல்கலைக்கழகமோ, செவிஸ் எண்ணோ எழுத வேண்டாம்.