திறவாச் சிப்பிகள்

முத்துக்குளிப்பு நடைபெற்ற நாள்களில் நம் தூத்துக்குடிக் கரையில் சிப்பிகளைத் திறவாமலேயே ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து உண்டா, இல்லையா என்பதை வாங்குபவர் அறியார். 1961-ஆம் ஆண்டோடு அக்குளிப்பு ஓய்ந்துவிட்டது. ஆயினும், திறவாச் சிப்பியை விலை பேசும் வழக்கம் கால்பந்தாட்டக் கழகங்களில் இன்றும் நீடிக்கிறது எனலாம். பெரும் புகழோடு ஒருவர் வருவார். ஆட்டம் தொடங்கிய பின்னரே உண்மை விளங்கும்.

முத்தே இல்லாத சிப்பிகள் சில உண்டு. 1996 நவம்பரில் இங்கிலாந்தின் துறைமுக நகரான சவுத்தாம்ப்டனின் அணிக்கு அலி டியா என்பவர் வந்தார். புகழ்பெற்ற ஜார்ஜ் வேயாவின் உறவினர் என்று தொலைபேசியில் கிடைத்த பொய்யான பரிந்துரையை நம்பி அவரைச் சேர்த்துக்கொண்டனர். 32-ஆம் நிமிடத்தில் களமிறங்கியவர் எங்கு நிற்பது என்றறியாது அங்குமிங்கும் ஓடினார். 85-ஆம் நிமிடத்தில் திருப்பி அழைக்கப்பட்டார். அவ்வூர் இரசிகர்கள் அவரை நினைத்து இன்றும் நகைக்கின்றனர். அதில் பெருந்தீங்கு ஒன்றுமில்லை.

முத்திருந்தும் இழந்தவரின் கதையோ வேறு. ஈரான் நாட்டின் 1978-ஆம் ஆண்டு உலகக் கோப்பை அணியில் இடம்பெற்ற மஜீத் பிஷ்கர், அலிகார் பல்கலைக்கழகத்தில் பயில வந்து, 1980-இல் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்தார். முன்னணி வீரர் பலர் விலகிச் சென்றிருந்த அவ்வாண்டில், அவருடைய ஆட்டத்தால் கழகம் தலைநிமிர்ந்தது. மோகன் பகானோடு ஃபெடரேஷன் கோப்பையையும் பகிர்ந்துகொண்டது. ஆனால் அவ்வொளி நீடிக்கவில்லை. முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்துக்கு மாறிய பின் ஆட்டம் தளர்ந்தது. போதைப் பழக்கமே காரணமென்று பத்திரிகைகள் எழுதின. இறுதியில் அவர் ஓசையின்றித் தாயகம் திரும்பினார். 'வீணாய்ப் போனவர்' என்பதே பலரின் தீர்ப்பாயிற்று.

அத்தீர்ப்பில் விடுபட்ட செய்தி ஒன்றுண்டு. அவருடைய ஊர் கொராம்ஷார், நம்மூரைப் போன்றதொரு துறைமுகப் பட்டினம். அவர் கல்கத்தாவில் ஆடிக்கொண்டிருந்த அதே 1980-ஆம் ஆண்டில் மூண்ட ஈரான்–ஈராக் போரில் அப்பட்டினம் இடிபாடாயிற்று. கோல் விழுந்ததா என்று பார்த்திருந்த கண்களில் எத்தனை கண்கள் அந்த இளைஞனின் முகத்தைப் பார்த்திருக்கும்?

அவரோடு வந்த ஜம்ஷித் நசீரி கல்கத்தாவிலேயே தங்கி நிலைபெற்றார். 2022-இல் அவர் மகன் கியான், தந்தையின் பழைய கழகத்துக்கு எதிராகவே மூன்று கோல்கள் அடித்தார். மஜீதோ 2019 ஆகஸ்டில் கழகத்தின் நூற்றாண்டு விழாவுக்காக மீண்டும் வந்தார். நள்ளிரவு கடந்த வேளையிலும் விமான நிலையத்தில் இரசிகர்கள் திரண்டு நின்றனர். அவர் ஆடிக் காணாத இளைஞரும் அவர்களில் இருந்தனர்.

அவ்வன்பு மெய்யானதே, ஆயினும் அது 30 ஆண்டுகள் பிந்தி வந்தது. நம் கடலோர ஊர்களிலும் பந்தாட்டத்திலோ படிப்பிலோ பெரும் நம்பிக்கையூட்டி, பின்னர்ச் சறுக்கி விழுந்த பிள்ளைகள் உண்டு. தெருமுனையில் அவர்கள் கதையைச் சொல்லிச் சிரிக்கிறோம். மாலை சூட்ட முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமா? இன்றே அவன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, 'எப்படியப்பா இருக்கிறாய்?' என்று கேட்டால் போதாதா?