தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே சம்பளம் நின்னுடும்!

போன வாரம் ஊருக்கு, சுவாமிமலைக்குப் போயிருந்தேன். கோயில் படி இறங்கும்போது நம்ம சேனல் பார்க்கிற தம்பி ஒருத்தர் பிடிச்சுக்கிட்டார். சென்னையில ஐடி வேலை. "அண்ணே, மல்யுத்த வீரர் சுஷில் குமார் கேஸ் இன்னும் முடியல. குத்தம் நிரூபணம் ஆகறதுக்கு முன்னாடியே சஸ்பெண்ட் பண்ணது நியாயமா?"ன்னு கேட்டார்.

நல்ல கேள்வி. முதல்ல நடந்ததைப் பார்ப்போம்.

2008 பெய்ஜிங்கில் வெண்கலம், 2012 லண்டனில் வெள்ளி. வடக்கு ரயில்வேயில் அதிகாரி பதவி. 2021 மே மாதம் டெல்லி சத்ரசால் ஸ்டேடியத்தில் நடந்த தாக்குதலில் 23 வயது மல்யுத்த வீரர் சாகர் தன்கர் இறந்துபோனார். சுஷில் மேல் கொலை வழக்கு. கூடவே ஆயுதச் சட்டப் பிரிவுகளும். மே 23-ல் கைது. இரண்டே நாளில் ரயில்வே சஸ்பெண்ட் செய்தது. 2025 மார்ச்சில் ஹைகோர்ட் ஜாமீன் கொடுத்தது. ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. ஒரு விளையாட்டு வீரருக்கு இந்த நாலு வருஷம் திரும்பி வராது.

என் கருத்து: சஸ்பெண்ட் செய்தது சரி. சஸ்பென்ஷன் தண்டனை கிடையாது. மத்திய அரசு ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே சஸ்பெண்ட் ஆனதாகத்தான் விதி கருதுகிறது. முதல் 3 மாதம் பிழைப்பூதியம், ஏறக்குறைய பாதிச் சம்பளம். சட்டம் உங்களை நிரபராதின்னு நினைக்கலாம். பேங்க் அப்படியெல்லாம் யோசிக்காது. ஈஎம்ஐ 5-ஆம் தேதி வந்துடும்.

உங்க கணக்கையே போடுங்க. கைக்கு வர்ற சம்பளம் 60,000. ஈஎம்ஐ 18,000, வாடகை 12,000, ஊருக்கு அனுப்பறது 8,000. மொத்தம் 38,000. பாதிச் சம்பளம் 30,000. சாப்பாட்டுக்கு முன்னாடியே 8,000 பள்ளம். இதுக்கு மேல வக்கீல் ஃபீஸ். அதைச் சம்பள வருமானத்தில் கழிக்கவும் வருமான வரிச் சட்டத்தில் வழியில்லை. தனியார் கம்பெனியில் அந்தப் பாதியும் நிச்சயமில்லை. உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்துப் படிங்க. கேஸ் நிலுவையில் இருந்தா பாஸ்போர்ட்டுக்கும் கோர்ட் அனுமதி வாங்கணும். ஆன்சைட் கனவு அங்கேயே நிக்கும்.

"நான் யாரையும் அடிக்கலையே"ன்னு சொல்றீங்களா? அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்ஸிகோ பர்ரெஸும் யாரையும் சுடல. 2008 செப்டம்பரில் 5 வருஷத்துக்கு 3.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். நவம்பரில் நியூயார்க் கிளப் ஒன்றில், இடுப்பில் செருகியிருந்த துப்பாக்கி வெடித்து அவர் தொடையிலேயே குண்டு பாய்ந்தது. நியூயார்க்கில் அதுக்கு லைசென்ஸ் இல்லை. அணி அவரைக் கழற்றிவிட்டது. 2 வருஷ சிறைத் தண்டனை. வெளியே வந்தப்போ கிடைச்சது ஒரே ஒரு வருஷ ஒப்பந்தம்.

இங்கேயும் சட்டம் லேசு இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியை வைத்திருந்தாலே குறைந்தது 2, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்பது துப்பாக்கி மட்டும் இல்லை, வாளும்தான். பிறந்தநாளுக்குப் பட்டாக்கத்தியால் கேக் வெட்டி, ரீல் போட்டு, கைதான பசங்க செய்தியை நீங்களும் படிச்சிருப்பீங்க. அதில் ஒருத்தனுக்கு அடுத்த மாசம் வேலையில் சேர வேண்டிய தேதியா இருந்தா, கம்பெனி பின்னணிச் சரிபார்ப்பில் என்ன ஆகும்?

26 வயசில் உங்க பெரிய சொத்து மியூச்சுவல் ஃபண்ட் இல்லை, இன்னும் 30 வருஷம் சம்பாதிக்கிற தகுதி. வீட்டுக்கு, வண்டிக்கு, உயிருக்கு இன்சூரன்ஸ் இருக்கு. நல்ல பேருக்கு எந்தக் கம்பெனியும் பாலிசி விற்கலை.

அதனால் இரண்டு வேலை. 6 மாதச் செலவைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்க. பொய் வழக்கு வந்தாலும் அதுதான் காப்பாத்தும். அடுத்து, கத்தியோ துப்பாக்கியோ இருக்கிற நண்பர் கூட்டத்திலிருந்து அந்த நிமிஷமே கிளம்புங்க. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மா சொல்லலை.

எங்க ஊர் ஸ்தபதிகள் சிலையில் தப்பு இருந்தா மெழுகிலேயே திருத்திடுவாங்க. உலோகத்தைக் காய்ச்சி ஊத்திட்டா, அப்புறம் உடைச்சு முதல்லேருந்துதான். தம்பிகிட்டயும் இதைத்தான் சொன்னேன். நீங்க என்ன நினைக்கிறீங்க? கமென்ட்ல சொல்லுங்க.