"கிருமி எவ்வளவு சின்னன், சித்தி?"

அக்காவின் மகள் மூன்றாம் வகுப்பு. போன மாதம் கை கழுவிக்கொண்டு நின்றவள் திடீரெண்டு கேட்டாள்: "கிருமி எவ்வளவு சின்னன், சித்தி?"

நான் உயர்தரத்தில் உயிரியல் படித்து, கம்பஸிலும் அதையே படித்தவள். விடுவேனா? "ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் வாறது மைக்ரோமீற்றர். பக்டீரியா ஒண்டு அப்பிடி ஒண்டிரண்டு நீளம்தான் இருக்கும்" என்றேன். சரியான விடை. பரீட்சையில் எழுதினால் புள்ளி கிடைக்கும். பிள்ளை என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

அண்டு இரவு எனக்கு நிக்கோலா டேவிஸின் ஞாபகம் வந்தது. இங்கிலாந்தில் 1958இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் விலங்கியல் படித்து, வாத்துகள், திமிங்கலங்கள், வௌவால்கள் எண்டு ஆய்வு செய்துகொண்டிருந்தவர். பிறகு பிபிசியில் சிறுவர்களுக்கான விலங்கு நிகழ்ச்சி ஒன்றைத் தொகுத்து வழங்கினார். அதற்குப் பிறகு சிறுவர் நூல்கள். நீலத்திமிங்கலத்தைப் பற்றிய 'பிக் புளூ வேல்' 1997இல் வந்தது.

நுண்ணுயிர்களைப் பற்றி அவர் எழுதிய 'டைனி கிரியேச்சர்ஸ்' 2014இல் வந்தது. எமிலி சட்டனின் படங்களோடு. அதில் மைக்ரோமீற்றரில் அவர் தொடங்கவில்லை. பெரிய விலங்குகளைக் காட்டுகிறார், பிறகு எறும்பைக் காட்டுகிறார். அந்த எறும்பின் உணர்கொம்பில் மட்டும் இலட்சக்கணக்கில் நுண்ணுயிர்கள் இருக்கலாம் என்கிறார். எறும்பைத் தெரியாத பிள்ளை இல்லை. என்ர மருமகள் கேட்ட கேள்விக்கு விடை அதுதான்.

பிறகு அவை எப்படிப் பெருகுகின்றன எண்டு வருகிறது. வயிற்றில் வாழும் ஈ.கோலை பக்டீரியா, வசதி கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருக்கா இரண்டாகும். 1, 2, 4, 8 எண்டு போட்டுப் பாருங்கள். ஏழு மணித்தியாலத்தில் இருபது இலட்சத்தைத் தாண்டும். அதோடு விட்டிருந்தால் பிள்ளை பயந்துபோயிருக்கும். அவர் விடவில்லை. பாலைத் தயிராக்குவதும், செத்ததை உக்கவைத்து மண்ணாக்குவதும் இவைதான், நோய் தருபவை கொஞ்சம்தான் எண்டு சொல்லித்தான் முடிக்கிறார். எங்கட வீடுகளில் "கிருமி" எண்டால் சவர்க்கார விளம்பரத்தில் வாற அரக்கன் மட்டும்தானே.

எங்கட ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது. ஆய்வுகூடத்தில் இருப்பவர் பெரிய ஆள். சின்னப்பிள்ளைகளுக்கு எழுதுபவர் "வேறொண்டும் சரிவராமல்" அதற்கு வந்தவர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது அது முழுப்பிழை எண்டு நினைக்கிறேன். எதைச் சொல்லாமல் விடலாம், விட்டாலும் பொய்யாகாமல் இருக்கும் எண்டு முடிவெடுக்க, விஷயம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அரைகுறையாகத் தெரிந்தவர்தான் கலைச்சொல்லுக்குப் பின்னால் ஒளிப்பார். அண்டைக்கு நான் ஒளித்ததும் அப்படித்தான்.

டேவிஸின் சில நூல்களில் இரண்டு அளவு எழுத்து இருக்கும். பெரிய எழுத்தில் கதைபோல ஓடும். சின்ன எழுத்தில் தகவல் இருக்கும். அம்மா மடியில் இருக்கும் பிள்ளைக்கு ஒன்று, தானே வாசிக்கும் பிள்ளைக்கு மற்றது. நீலத்திமிங்கலத்தின் தோலை அவித்த முட்டையோடும் நனைந்த சவர்க்காரத்தோடும் ஒப்பிடுகிறார். தொட்டுப் பார்க்க முடியாததை, தொட்டுப் பழகியதால் சொல்கிறார்.

"அப்ப அவற்றை மொழிபெயர்த்தால் போதும்தானே?" எண்டு கேட்பீர்கள். மொழிபெயர்க்கத்தான் வேணும். ஆனால் போதாது. அவருடைய வௌவால் நூலில் வருவது இங்கிலாந்தின் குட்டி வௌவால், இரவில் அந்துப்பூச்சி பிடிப்பது. எங்கட பிள்ளை பார்ப்பது மாமரத்தில் பழம் தின்ன வாற பெரிய வௌவாலை. அவருடைய ஆமை நூலில் வரும் பெருந்தலைக் கடலாமை இலங்கைக் கரைக்கும் முட்டையிட வருவதுதான். நீலத்திமிங்கலம் திருகோணமலைக் கடலில் நிற்கிறது. திருகோணமலைப் பிள்ளைக்கு அதைத் தமிழில் சொல்ல, அந்தக் கடலைத் தெரிந்த ஒருவர் வேணும்.

ஒவ்வொரு வருடமும் எத்தனை பேர் உயிரியல் படித்து வெளியே வாறோம்? பலர் ஆங்கிலத்தில் படிக்கிறோம், ஆங்கிலத்தில் எழுதுகிறோம், வேலை கிடைத்ததும் மறக்கிறோம். தமிழ்ப் பிள்ளைக்கு மிஞ்சுவது ரியூசன் குறிப்பு. "சிறுவர் புத்தகம் போட்டால் ஆர் வாங்குவினம்?" என்பது நியாயமான கேள்விதான். அச்சடிக்கும் காசு கையைக் கடிக்கும். ஆனால் ஒரு பக்கம் எழுதக் காசு தேவையில்லை.

போன கிழமை நான் ஒரு பக்கம் எழுதினேன். தயிர்ச்சட்டிக்குள் இரவில் என்ன நடக்கிறது எண்டு. மூன்று தரம் அடித்துத் திருத்தினேன். மருமகள் வாசித்துவிட்டு, "அப்ப நாங்கள் அதுகளை உயிரோடயா சாப்பிடுறம்?" எண்டு கேட்டாள். ஓம் எண்டேன். இந்தமுறை அவள் விளையாடப் போகவில்லை, தயிர்ச்சட்டியைத் திறந்து பார்க்கப் போனாள்.

பயோ படித்தவர்களே, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை எடுங்கள். ஒரு பக்கம் எழுதி வீட்டில் உள்ள பிள்ளையிடம் குடுங்கள். விளங்கவில்லை எண்டு சொன்னால், பிழை பிள்ளையில் இல்லை.