எரிமலை அடிவாரத்தில் ஒரு நாள்

கடந்த பள்ளி விடுமுறையில் ஆசிரிய நண்பர்கள் அறுவர் சுமத்திரா சென்றிருந்தோம். மேடானிலிருந்து பெராஸ்தாகி மலைநகர் வரை ஒரே நாளில் சென்று திரும்பும் சுற்றுலா அது. அடுத்த ஆண்டு மாணவர்களை அங்கு அழைத்துச் செல்லலாமே என்னும் பேச்சு எங்கள் பள்ளியில் எழுந்துள்ளதால் என் கருத்தை இங்குப் பதிவு செய்கிறேன்.

குண்டாலிங் குன்றில் நின்றால் இரண்டு எரிமலைகளைக் காணலாம். சிபாயாக்கின் அடிவாரத்தில் வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. கந்தக வாடை மூக்கைத் துளைக்கும். சாலையின் இருமருங்கும் முட்டைக்கோசும் கேரட்டும் ஆரஞ்சும் செழித்திருக்கின்றன. மலை கக்கிய சாம்பலே அம்மண்ணுக்கு உரம். இதைப் பாடநூல் படத்தைக் கொண்டு நான் எத்தனையோ ஆண்டுகள் விளக்கியிருக்கிறேன். அந்தக் கருமண்ணைக் கையில் அள்ளியபோதுதான் எனக்கே முழுமையாக விளங்கியது.

இதுவரை குறையொன்றும் இல்லை. மாலையில் வண்டியோட்டி எங்களைக் கைவிடப்பட்ட ஓர் ஊருக்கு அழைத்துச் சென்றார். கூரையிழந்த வீடுகள்; சுவரைப் பிளந்து வளர்ந்த செடிகள். நாங்களும் வரிசையாக நின்று சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டோம். விடுதிக்குத் திரும்பி அப்படத்தைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது.

பல நூற்றாண்டுகள் உறங்கிக் கிடந்த சினாபோங் 2010ஆம் ஆண்டில் விழித்தது. 2013இல் மீண்டும் சீறியது. 2014 பிப்ரவரி 1ஆம் நாள், கொதிக்கும் சாம்பலும் வளியும் கலந்த முகில் மலைச்சரிவில் பாய்ந்து பத்துப் பேருக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. மலையைக் காண வந்த மாணவர்களும் அவர்களுள் இருந்தனர். வீடிழந்த குடும்பங்கள் பல சியோசார் என்னும் மேட்டுநிலத்தில் குடியமர்த்தப்பட்டன. இவற்றையெல்லாம் அறியாமல் அவ்வூரைக் காணும் மாணவனுக்கு அது வெறும் பேய்வீட்டுக் காட்சிதான்.

ஆகவே, குண்டாலிங் குன்றுக்கும் தோட்டங்களுக்கும் செல்வோம். அன்றைய அபாய அறிவிப்பைப் பார்த்த பின்னரே செல்வோம். பாழூரைப் பயணத் திட்டத்திலிருந்து நீக்கிவிடலாம். "காசு கொடுத்துப் போகிறோம், எல்லாவற்றையும் பார்க்க வேண்டாமா?" என்று ஒரு பெற்றோர் கேட்டார். வேண்டாம் என்பதே என் பதில்.

கடல் கடந்து செல்ல வசதியில்லாத பிள்ளைகளை நினைத்தும் ஒன்று சொல்கிறேன். ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த தோபா எரிமலையின் சாம்பல் நம் பேராக் மாநிலத்து லெங்கோங் பள்ளத்தாக்கிலும் படிந்துள்ளது. அங்குள்ள கோத்தா தம்பானில் ஆதிமனிதரின் கற்கருவிப் பட்டறையோடு அச்சாம்பலும் கண்டறியப்பட்டது. 2012இல் யுனெஸ்கோ அப்பள்ளத்தாக்கை உலக மரபுடைமையாக அறிவித்தது. பேருந்துக் கட்டணம் மட்டும் போதும், கடப்பிதழ் தேவையில்லை.

லெங்கோங்குக்கு மாணவர்களை அழைத்துச் சென்ற ஆசிரியர் எவரேனும் இருப்பின், எத்தனை மணி நேரம் தேவைப்பட்டது, எந்த ஆண்டு மாணவர்களுக்குப் பொருந்தியது எனத் தெரிவித்தால் பெரிதும் உதவியாக இருக்கும்.