எந்தக் கையால் சுற்றுவது?
மீன் தூண்டிலுக்கு ஸ்பின்னிங் ரீல் வாங்குபவருக்கு இந்தக் கவலையே இல்லை. கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டிக்கொள்ளலாம். பெயிட்காஸ்டர் ரீல் அப்படியல்ல. பல்சக்கரங்களும் நூல் இழுபடுவதைக் கட்டுப்படுத்தும் நட்சத்திர வடிவ டிராக்கும் கைப்பிடிப் பக்கமே அமைந்துவிடுவதால், இடதா வலதா என்பதைக் கடையிலேயே முடிவுசெய்தாக வேண்டும். (ஷிமானோவின் கியுராடோ ரீலில் 150 என்றால் வலது, 151 என்றால் இடது. பெட்டியைப் பார்த்து வாங்குங்கள்.) வேடிக்கை என்னவென்றால், ஸ்பின்னிங்கில் வலக்கையால் வீசி இடக்கையால் சுற்றும் அதே ஆள், பெயிட்காஸ்டரை எடுத்ததும் வலக்கையால் வீசி, கோலை இடக்கைக்கு மாற்றி, வலக்கையால் சுற்றுகிறார். நெடுங்காலம் கடைகளில் வலக்கையால் சுற்றும் ரீல்களே பெரும்பாலும் கிடைத்ததால் ஒட்டிக்கொண்ட பழக்கம். வேறு பெரிய தத்துவம் கிடையாது. நெடுந்தூரம் வீசுகிறவருக்கு இதனால் நட்டமில்லை, லூர் (செயற்கை இரை) பறக்கும்போதே கை மாற்றிவிடலாம். ஆனால் அமெரிக்க ஏரிகளில் பாஸ் மீன் பிடிப்பவர்கள்போல், செடிப் புதருக்குள் கிட்டத்திலேயே ஜிக்கை (எடை கோத்த தூண்டில் முள்ளை) இறக்கும்போது, அது தண்ணீரைத் தொட்டு அமிழும் நொடியிலேயே மீன் கவ்விவிடும். அந்த நேரம் பார்த்துக் கோல் கைமாறிக்கொண்டிருந்தால் போச்சு! இந்த வேலைக்கு வலக்கைக்காரர் இடக்கையால் சுற்றும் ரீல்தான் வாங்க வேண்டும் என்பேன். கடலில் சூரை, மார்லின் என்று பெரிய மீன்களைப் பிடிக்கப் போனால் நான் கட்சி மாறிவிடுவேன். அங்கே கோலின் அடி இடுப்புப் பட்டையிலோ நாற்காலியிலோ ஊன்றி நிற்கும். களைப்பதெல்லாம் சுற்றுகிற கைதான், ஆகவே பலமுள்ள கையே சுற்றட்டும். படகு ஓடும்போதே இரையை இழுத்துச் செல்லும் பெரிய டிரோலிங் ரீல்களில் இடக்கை மாடல் தேடினாலும் எளிதில் அகப்படாது.